நின்ற லாரியின் நோய்

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா ஓட்டிய லாரி, தாத்தா வாங்கிய லாரி என்று ஏதோ ஒன்று ஷெட்டு மூலையிலோ தோட்டத்து வேலியோரத்திலோ பதினைந்து, இருபது வருஷமாக நிற்கிறது. அதை மறுபடி ஓடவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த உரை. நீண்ட மூக்கு வைத்த டாடா மெர்சிடிஸ் பென்ஸாக இருக்கலாம். 1954இல் டாடாவின் டெல்கோ கம்பெனியும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் கைகோத்து, 1969 வரை சேர்ந்து செய்த வண்டிகள் அவை. அதற்குப் பின் வந்த டாடா 1210 ஆக இருக்கலாம். எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்த காமெட்டாக இருக்கலாம். எதுவானாலும் சரி, ஓடுகிற வண்டிக்கு வரும் நோய் வேறு, நின்ற வண்டிக்கு வரும் நோய் வேறு. இதை மறந்துவிட்டு ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

ஓடுகிற வண்டியில் ரிங் தேயும், லைனர் தேயும், பேரிங் தேயும். நின்ற வண்டி துருப்பிடிக்கும், காய்ந்துபோகும், ஒட்டிக்கொள்ளும், அடைத்துக்கொள்ளும். வெளியில் தெரியும் அடையாளமோ இரண்டுக்கும் ஒன்றுதான்: ஸ்டார்ட் ஆகாது, புகை கக்கும், இழுக்காது. அதைப் பார்த்ததும் "இன்ஜின் போயிடுச்சு, ஹெட்டை இறக்கிடலாம்" என்று சொல்லிவிடுகிறோம். ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேல் உள்ள மூடி. நல்ல இன்ஜின்கள் எத்தனையோ இப்படி வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தபின் அதே தரத்தில் லைனரும் பிஸ்டனும் கிடைப்பது பழைய வண்டிக்குச் சுலபமில்லை.

முதல் நாள் செல்ஃப் அடிக்காதீர்கள். வண்டியைக் கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுக்கவே கூடாது. ஹெட்டுக்கு அடியில் உள்ள பேக்கிங் விட்டுப்போய் ஏதாவது ஒரு சிலிண்டருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருந்தால், பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தத் தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

அதற்குப் பதில், சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசிலையும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் செப்பு வாஷர் நாசிலோடு வந்ததா, குழிக்குள்ளேயே தங்கிவிட்டதா என்று பாருங்கள். தங்கியதைக் கவனிக்காமல் புது வாஷர் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும். நாசில் முனை உயர்ந்து நின்று, ஸ்ப்ரே விழ வேண்டிய இடத்தில் விழாது. பிறகு புகைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதுதான். நாசில் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளமான பாரைப் போட்டு, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டுங்கள். அசையவில்லையென்றால் மறுபடி ஊற்றி ஒரு வாரம் காத்திருங்கள். பாரில் இரண்டாள் தொங்கிச் சுற்றினால் ரிங் உடையும்.

அசைந்துவிட்டதா? டேப்பட் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பக்கம் இருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில், கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். வால்வுகளை அமுக்கும் பன்னிரண்டு ராக்கரும் இறங்கி ஏற வேண்டும். இறங்கிய வால்வு ஏறவில்லையென்றால் அந்த இடத்தில் புஷ் ராடு தொளதொளவென்று ஆடும். வால்வு தண்டு கைடில் துருவோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, பித்தளைத் துண்டு வைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். இதைப் பார்க்காமல் செல்ஃப் அடித்தால் புஷ் ராடு வளையும், வால்வு பிஸ்டனில் முட்டும்.

ஊற்றிய எண்ணெயை வெளியேற்றாமல் நாசிலை மாட்டாதீர்கள். டாடா 692 இன்ஜின் 4788 சிசி. ஆறால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 800. கம்ப்ரஷன் விகிதம் 17க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 50 மில்லிதான். நீங்கள் ஊற்றியதும் 50 மில்லி! பெட்ரோல் கார் பழக்கத்தில் தாராளமாக ஊற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். நாசில் இல்லாமலே செல்ஃபை விட்டு விட்டு அடித்து, எண்ணெய் முழுவதும் துளை வழியே பீய்ச்சி வந்தபின் மாட்டுங்கள். அடிக்கும்போது துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயிலை வடிக்க ட்ரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்ற வேண்டாம். முதலில் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும், அதுதான் முதலில் சொட்டும். ஒரு கரண்டி வந்தால் காற்றின் ஈரம் படிந்தது. டம்ளர் டம்ளராக வந்தால் பேக்கிங்கோ லைனரோ விட்டிருக்கிறது. அப்போது ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். ஆயில் நீர்த்துப்போய், அளவு கூடியிருந்து, டீசல் வாசம் அடித்தால், டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீடு பம்ப் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இனி டீசல் பம்ப். நின்ற வண்டியில் மிக ஆபத்தான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பம்ப் வேலைக்குப் பெங்களூரைப் போல வாய்ப்பான ஊர் வேறில்லை. 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் ஆடுகோடி ஆலை இங்கேதான் இருந்தது. 2008இல் பெயர் பாஷ் என்று மாறினாலும், கலாசிப்பாளையத்திலும் ஜே.சி. ரோட்டிலும் "மைக்கோ பம்ப்" என்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பம்புக்குள் பிளஞ்சரும் பேரலும் ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டுக்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான். டீசல் அங்கே காய்ந்தால் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு பிளஞ்சர் பிடித்துக்கொண்டாலும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழுவதும் நின்றுவிடும். அது குறைந்த அளவில் நின்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். முழு டீசலில் நின்றால், ஸ்டார்ட் ஆன அடுத்த நொடியே இன்ஜின் கட்டுக்கு அடங்காமல் ரேஸ் ஆகும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது.

ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன்பே பம்பின் பக்கவாட்டுத் தட்டைக் கழற்றுங்கள். ரேக்கை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். இன்ஜினைக் கையால் சுற்றும்போது ஆறு பிளஞ்சர் ஸ்பிரிங்கும் அமுங்கி எழ வேண்டும். ஏதாவது ஒன்று கெட்டியாக இருந்தால் புது டீசல் விட்டு ஒரு நாள் ஊறவிட்டுப் பாருங்கள். அதற்கும் இணங்கவில்லையென்றால் சுத்தியலை எடுக்காமல் பம்பைக் கழற்றி, பம்ப் சோதிக்கும் பெஞ்சு உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொன்றில் மாற்றிப் போடுகிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

இனி, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். காற்று வரும் குழாயில் பட்டர்ஃபிளை என்னும் திரும்பும் தகடும், அங்கிருந்து பம்புக்கு ஒரு மெல்லிய வாக்யூம் குழாயும் இருந்தால் அது வாக்யூம் கவர்னர். உள்ளே தோல் டயஃப்ரம் இருக்கும். வருஷக்கணக்கில் நின்றால் அது அப்பளம் மாதிரி காய்ந்து வெடித்திருக்கும். சோதிப்பது எளிது: ஸ்டாப் லீவரைக் கடைசிவரை இழுத்துப் பிடித்து, வாக்யூம் குழாயைக் கழற்றி அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு லீவரை விடுங்கள். டயஃப்ரம் நன்றாக இருந்தால் ரேக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நிற்கும். நேராக முழு டீசலுக்கு ஓடிவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

எவ்வளவு சரிபார்த்தாலும் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, காற்றுக் குழாயின் வாயை மூடும் அளவில், ரப்பர் ஒட்டிய ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ரேஸ் ஆனால் காற்றை அடைப்பதுதான் வழி. துணியைத் திணித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வைக்கவே வேண்டாம். கழற்றிய ஏர் கிளீனர் ஆயில் வகையாக இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எலிக் கூடு இருக்கலாம். கோட்டுக்கு மேல் ஆயில் இருந்தால் அந்த ஆயிலையே இன்ஜின் குடித்து நீலப் புகை விடும், ரேஸும் ஆகும். ரிங் போய்விட்டது என்று நினைத்த எத்தனையோ நீலப் புகைக்குக் காரணம் இதுதான்.

"ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு நிமிஷம் ஓடுது, நின்னுடுது" என்று ஒரு புகார் எப்போதும் வரும். ஹேண்ட் பம்ப் அடித்தால் மறுபடி ஓடும். ஏர் இழுக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே என்பதில்தான் நாள் கணக்கில் நேரம் போகிறது. டேங்கில் இருந்து ஃபீடு பம்ப் வரை உள்ள பாதை உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. 5 லிட்டர் கேனில் டீசல் ஊற்றிப் பம்புக்கு மேலே தொங்கவிட்டு, கண்ணாடி மாதிரி தெரியும் ஹோஸ் வழியாக நேரே ஃபீடு பம்புக்குக் கொடுங்கள். இன்ஜின் நிற்காமல் ஓடினால் குற்றம் டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில் இருக்கிறது: டேங்குக்குள் இறங்கும் குழாயின் துரு ஓட்டை, வெடித்த ரப்பர், கெட்டியாகிப்போன செப்பு வாஷர். அப்போதும் குமிழி வந்தால் ஃபீடு பம்பையே பாருங்கள். பத்து, பதினைந்து நிமிஷம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் என்றால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு கம்பியால் குத்தினால் தீரும் வேலை.

நாசிலைக் கை டெஸ்டரில் பாருங்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் டாடா இன்ஜினுக்குத் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அருகில். முதலில் ஒரு சிறு முன்னறைக்குள் பீய்ச்சும் பழைய பென்ஸ் இன்ஜினுக்கு ஏறத்தாழ அதில் பாதி. இரண்டையும் ஒரே அளவில் வைத்துவிடாதீர்கள். திறக்கும் அளவுக்கு 20 கிலோ கீழே பிடித்துப் பத்து நொடி நிறுத்தினால் முனையில் சொட்டு தொங்கக் கூடாது. ஸ்ப்ரேக்கு முன்னால் விரலை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்துக்கொண்டு டீசல் உள்ளே போகும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

கம்ப்ரஷன் பார்க்கும்போது பெங்களூருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சென்னைக் காற்றைவிட இங்கே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் கேஜ் 25 கிலோ காட்டும் இன்ஜின் இங்கே 22, 23தான் காட்டும். கம்பெனிப் புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டு "கம்ப்ரஷன் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு சிலிண்டரின் எண்களையும் எழுதி வைத்து, அவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 3 கிலோவுக்குள் இருந்தால் கவலையில்லை. சென்னையில் செட் செய்த பம்பை இங்கே மாட்டினால் மேடு ஏறும்போது கறுப்புப் புகை வருவதும் இதே காரணத்தால்தான்: டீசல் அதே அளவு, காற்று குறைவு.

கேஜ் போடும் முன் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியும் 9.5க்குக் கீழே இறங்கினாலோ, இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் பட்டை துருப்பிடித்திருந்தாலோ, சுற்றும் வேகம் குறைந்து கம்ப்ரஷனும் குறைவாகக் காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் 10 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ பேக்கிங்கோ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் பேக்கிங் போயிருக்கிறது. வால்வைக் குறை சொல்லுமுன் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளியைச் சரிசெய்துவிட வேண்டும்: டாடா 692க்குக் குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.30 மில்லிமீட்டர். தீப்பிடிக்கும் வரிசை 1, 5, 3, 6, 2, 4. ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் சேர்ந்து ஆடும்போது முதலாவதை வையுங்கள். இரண்டாவது ஆடும்போது ஐந்தாவது, நான்காவது ஆடும்போது மூன்றாவது, பிறகு இதையே திருப்பிப் போடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் மிஸ் அடித்தால் ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும், துணி சுற்றி, சற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தினால் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் முதல் இரண்டு நிமிஷம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பின்னும் வந்து கண்ணை எரித்தால் எரியாத டீசல். கண் எரியாமல், கொஞ்ச தூரத்தில் காற்றில் கரைந்தால் நீராவி.

சூடு ஏறினால் ரேடியேட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டியில் உப்புப் படிவு பிளாக்கின் பின்பக்கம், ஐந்தாவது ஆறாவது சிலிண்டரைச் சுற்றிக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். பக்கத்துத் தட்டுப் பிளக்குகளைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுரண்டினால்தான் வரும். தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடும் பழக்கம் வேண்டாம். அது இல்லாமல் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, ஆயிலில் சேறு கட்டும்.

எல்லாம் சரியாகி வண்டி ஓடத் தொடங்கியதும் ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் புகை, அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் புகை வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இத்தனை வருஷம் பிஸ்டன் பள்ளத்தில் ஒட்டிக்கிடந்த ரிங் விடுபட நேரம் எடுக்கும். ஐடிலில் மணிக்கணக்காக விடுவதால் பயனில்லை, ரிங் உட்காரச் சுமை வேண்டும். பிரேக்கையும் டயரையும் சரிபார்த்து, அரைச் சுமை ஏற்றி, தும்கூர் ரோட்டிலோ ஓசூர் ரோட்டிலோ நெரிசல் இல்லாத நேரத்தில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். திரும்பி வந்து ஆயிலை மாற்றி, டேப்பட்டை மறுபடி வைத்து, கம்ப்ரஷனை மறுபடி எடுத்து, முதலில் எழுதி வைத்த ஆறு எண்களோடு ஒப்பிடுங்கள். எண்கள் ஏறியிருந்தால் ஓட்டிக்கொண்டே இருங்கள். ஏறவேயில்லை, மூடியில் புகையும் குறையவில்லை என்றால், இப்போது ஹெட்டை இறக்கலாம்.

வணக்கம்.