கம்பியில்லா இண்டர்காம் செய்ய எங்கிருந்து தொடங்குவது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் ஐந்தாம் படிவ மாணவரிடமிருந்து வந்திருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் அப்பாவின் மளிகைக் கடை, எதிர்ப்பக்கம் வீடு, இடையில் இருபது மீட்டருக்கு மேல் இராது. சாலையின் குறுக்கே கம்பி இழுக்க வழியில்லை என்பதால், பெற்றோர் இருவரும் பேசிக்கொள்ளக் கம்பியில்லா இண்டர்காம் ஒன்றைத் தாமே செய்ய விரும்புகிறார். இணையத்தில் கிடைத்த ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்.எம். ஒலிபரப்பிச் சுற்று இதற்குப் போதுமா, இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார்; தமக்கு ஈயம் பற்றவைக்க மட்டுமே தெரியும் என்றும் சொல்கிறார். கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் இந்தப் பகுதியைத் தாராளமாகத் தாண்டிச் செல்லலாம்.

தம்பி, முதலில் அந்த எஃப்.எம். சுற்றை ஒதுக்கி வையுங்கள். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை வானொலி நிலையங்களுக்கு உரியது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி, உரிய ஒதுக்கீடு இல்லாமல் அலைக்கற்றையைப் பயன்படுத்துவது குற்றமாகும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அது தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பொறுமையைச் சோதிக்கும் சுற்று. சில முறை சுற்றிய கம்பிச் சுருளும் ஒரு சிறிய மின்தேக்கியும்தான் அதன் அலைவெண்ணை முடிவு செய்கின்றன. ஆகவே கையை அருகில் கொண்டுபோனாலே அலைவெண் நகர்ந்துவிடும், பேட்டரி இறங்க இறங்க மீண்டும் நகரும். அப்பா ஒவ்வொரு முறையும் வானொலியின் குமிழைத் திருகி அம்மாவின் குரலைத் தேட வேண்டியிருக்கும்; பக்கத்து வீட்டில் மின்னல் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அம்மா சொல்லும் சாமான் பட்டியல் கேட்கக்கூடும். வீட்டு மின்கம்பி வழியாகவே குரலை அனுப்பும் வகையும் உண்டு. அது 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தொடக்கத்தில் பெரும்பாலோர் ஆண்டெனாவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், இத்தகைய கருவிகள் பேசாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலிப்பகுதிதான். ஆகவே, கம்பியில்லாதது வேண்டும் என்றாலும், மேசைமேல் கம்பியோடுதான் தொடங்க வேண்டும். அதற்கு எல்.எம்.386 என்ற, ஒலியைப் பெருக்கும் எட்டுக் கால் சில்லு ஏற்றது. 4 முதல் 12 வோல்ட் வரை இயங்கும், சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதன் பெருக்கம் இயல்பாக 20 மடங்கு. 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, அதன் நேர்முனை 1ஆம் கால் பக்கம் இருக்குமாறு வைத்தால் 200 மடங்காகும். எலக்ட்ரெட் என்ற வகைச் சிறிய மைக்குக்கு 10 கிலோஓம் மின்தடை வழியாக 9 வோல்ட்டைக் கொடுத்து, அதன் ஒலியை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக 3ஆம் காலுக்கு அனுப்புங்கள். 2ஆம் காலும் 4ஆம் காலும் தரையிணைப்புக்குப் போகட்டும். 6ஆம் கால் மின்வழங்கலுக்கு உரியது; அதன் பக்கத்திலேயே பேட்டரிக்குக் குறுக்காக 100 மைக்ரோஃபாரட் ஒன்று இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால், படகு மோட்டாரைப் போலப் 'படபட' என்ற ஒலியே வரலாம். ஒலிபெருக்கியை 5ஆம் காலில் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் வழியாகத்தான் இணைக்க வேண்டும்.

இணைத்த பிறகு, பேசிப் பார்ப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை எடுத்து 5ஆம் காலை அளந்து பாருங்கள். 9 வோல்ட் கொடுத்திருந்தால் அங்கே ஏறத்தாழ பாதி, அதாவது 4.5 வோல்ட் இருக்க வேண்டும். பூஜ்யமோ முழு 9 வோல்ட்டோ காட்டினால், எங்கோ ஒரு கால் தவறான இடத்தில் இணைந்திருக்கிறது அல்லது சில்லு கெட்டிருக்கிறது என்று பொருள். அளவு சரியென்றால் 3ஆம் காலை விரலால் தொடுங்கள்: வீட்டு மின்சாரத்தின் ஊளை உங்கள் உடல் வழியாகவே ஒலிபெருக்கியில் கேட்கும். அது கேட்டால் ஒலிப்பகுதியைப் பற்றி இனிக் கவலை இல்லை.

இப்போது கம்பியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒளியை வைக்கலாம். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880ஆம் ஆண்டிலேயே சூரிய ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி, இருநூறு மீட்டருக்கு மேல் அனுப்பிக் காட்டியிருக்கிறார். அவரிடம் இல்லாத வசதிகள் நம்மிடம் இருக்கின்றன. ஒலிபெருக்கியையும் அதன் மின்தேக்கியையும் கழற்றிவிட்டு, 5ஆம் காலிலிருந்து 220 ஓம் மின்தடை, அதன் தொடர்ச்சியாகச் சிவப்பு எல்.இ.டி., பிறகு தரையிணைப்பு என்று அமையுங்கள். அந்தக் காலில் ஏற்கெனவே இருக்கும் 4.5 வோல்ட்டே விளக்கைச் சுமார் 11 மில்லிஆம்பியரில் எரியவைக்கும். நீங்கள் பேசும்போது வெளிச்சம் அதற்கு மேலும் கீழும் அசையும், கண்ணுக்கு அந்த அசைவு பெரும்பாலும் தெரியாது. எதிர்முனையில் இன்னோர் எல்.எம்.386, அதன் மைக்கும் மைக்குக்கு 9 வோல்ட் கொடுக்கும் மின்தடையும் இருக்கும் இடத்தில், பழைய சோலார் விளக்கிலிருந்து கழற்றிய சிறு தகடு. தகட்டுக்குக் குறுக்காக 10 கிலோஓம் மின்தடை ஒன்றையும் போடுங்கள். தொலைக்காட்சி ரிமோட்டை அந்தத் தகட்டை நோக்கிப் பிடித்து அழுத்தினால், ஒலிபெருக்கியில் துண்டு துண்டாக 'டர்ர்' என்ற ஒலி எழும். வாங்கும் முனை வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இருபது மீட்டரைத் தாண்ட, எல்.இ.டி.க்கு முன்னால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பகல் வெயில் நேரடியாக விழுந்தால் தகடு திணறிப்போகும். உட்புறம் கறுப்பு பூசிய பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் அதை வையுங்கள். கடையில் குழல் விளக்கு எரிந்தால் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும், ஏனென்றால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை மின்னுகிறது. இடையில் லாரி நின்றாலோ, பிற்பகல் மழை கொட்டினாலோ பேச்சு தடைபடும். அதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்தத் தடையும் கூடாதென்றால், பிறகு என்.ஆர்.எஃப்.24எல்01 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோத் தொகுதிக்குப் போகலாம். குறைந்த திறனுள்ள இத்தகைய கருவிகளை, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வகுத்துள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தனி உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகைகள் இரண்டும், ஆர்.எஃப்.24 ஆடியோ என்ற நிரல் நூலகமும் வேண்டும். அந்தத் தொகுதி 3.3 வோல்ட்டுக்கு உரியது, 3.6 வோல்ட்டைத் தாண்டினால் போய்விடும். அதன் மின்முனைகளிலேயே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால், விட்டுவிட்டு வேலை செய்யும் தொல்லை பெரும்பாலும் தீரும். துத்தநாகத் தகரச் சுவருக்குப் பின்னால் வைக்காமல் சன்னல் ஓரத்தில் வையுங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒளியில் முடியும்: போவதற்கு ஒரு சுற்று, வருவதற்கு ஒரு சுற்று என இரண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முனையிலும் ஒலிபெருக்கியின் ஒலி அதே முனையில் உள்ள மைக்கில் நுழைந்து, சுற்றிச் சுற்றி வந்து வீறிடும்; ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் காதில் மாட்டும் இயர்போன் இருந்தால் மட்டுமே தப்பலாம். அந்த ரேடியோத் தொகுதியிலோ ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கடையில் கை ஓயாமல் வேலை செய்பவருக்குக் காதில் மாட்டுவது சரிவராது என்பதால், உங்கள் வீட்டுக்கு அழுத்திப் பேசும் பொத்தானையே நான் சொல்வேன்.