மேல்முறையீடு உண்டு, கேட்க ஆள் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். சர்வதேச அமைப்புகளைச் சீர்திருத்துவது பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போய்விடுவார்கள். இன்று நாம் ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பைப் பார்ப்போம். நாடுகளுக்கு இடையிலான வர்த்தக வழக்குகளில் இறுதித் தீர்ப்பு தரும் அதன் மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது.

குழுவில் ஏழு பேர் இருக்க வேண்டும். நான்காண்டுப் பதவி, ஒருமுறை நீட்டிக்கலாம். வழக்கை மூவர் விசாரிக்க வேண்டும். நியமனத்துக்கு ஒரு நாடு ஆட்சேபித்தாலும் கதை முடிந்தது. அமெரிக்கா அப்படித்தான் தடுத்துவருகிறது; பதவி முடிந்தவர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. இது டிரம்ப் தொடங்கிய வேலை அல்ல. 2016-லேயே ஒபாமா ஆட்சி தென்கொரிய உறுப்பினர் ஒருவரின் மறுநியமனத்தை மறித்தது.

அமெரிக்காவின் குறைகளில் நியாயமானவையும் உண்டு. 90 நாளில் தர வேண்டிய தீர்ப்பு பல வழக்குகளில் அதைத் தாண்டிப் போனது. ஆனால் உண்மையான புண் வேறு. பொருள்குவிப்பு வரியை, அதாவது சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து ஏற்றுமதி செய்யும் பொருளுக்கு விதிக்கும் வரியை, கணக்கிடும் விதம் அது. உள்நாட்டில் 100 ரூபாய் விற்கும் பொருளை அமெரிக்காவுக்கு ஒரு தடவை 90-க்கும், அதே அளவை மறுதடவை 110-க்கும் அனுப்புகிறீர்கள். சராசரியில் குறைவே இல்லை. அமெரிக்கக் கணக்கிலோ 110-க்கு விற்றது பூஜ்யமாகிவிடும். முதல் சரக்கின் பத்து ரூபாய் குறைவு மட்டும் நிற்கும், அதற்கு வரி விழும். இந்தக் கணக்கு முறையைக் குழு திரும்பத் திரும்பத் தள்ளுபடி செய்தது.

மேல்முறையீட்டுக் குழு இல்லாததால் என்ன கெட்டுவிட்டது? முதல்கட்ட விசாரணைக் குழுவின் அறிக்கை தானாகவே ஏற்கப்படும் என்பது விதி. யாராவது மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை ஏற்கப்படாது. கேட்க ஆளில்லாத இடத்தில் மனுப் போட்டால் அறிக்கை அப்படியே கிடப்பில்.

இந்தியாவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. கரும்புக்கு நாம் நிர்ணயிக்கும் நியாய ஆதாய விலை, உற்பத்தி மதிப்பில் 10 சதவீத வரம்பைத் தாண்டிய மானியம் என்று பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா வழக்குத் தொடுத்தன. பணம் தருவது ஆலைகள், அரசு அல்ல என்றோம். 2021 டிசம்பரில் அந்த வாதம் எடுபடவில்லை. உடனே மேல்முறையீடு செய்தோம். குழுவை மீட்க வேண்டும் என்று குரல் கொடுப்பதும் நாம்தான்!

திருத்தம் சின்னதுதான்: மூவர் இல்லாத காலத்தில் மேல்முறையீடு அறிக்கையைத் தடுக்காது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சிக்கல் என்னவென்றால், தாவாத் தீர்வு விதிகளைத் திருத்தவும் ஒருமித்த முடிவு வேண்டும். அமைப்பின் ஒப்பந்தத்தில் 9-ஆவது பிரிவு வாக்கெடுப்புக்கு இடம் தருகிறது. நியமனத்துக்கு அது பொருந்துமா என்பதில் சட்ட வல்லுநர்கள் பிரிந்து நிற்கிறார்கள். பொருந்தினாலும், அமெரிக்காவை வாக்கில் தோற்கடித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை என்பதே என் கணிப்பு.

ஆகவே பக்கவழிகள்தான் இப்போதைக்கு நடக்கிற காரியம். ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில் உள்ளிட்டவை 2020-ல் தங்களுக்குள் வரும் மேல்முறையீடுகளைக் கேட்கப் பத்துப் பேர் கொண்ட நடுவர் பட்டியல் அமைத்தன. ஜப்பான் 2023-ல் சேர்ந்தது. கொலம்பியா உறைந்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு விதித்த வரி குறித்த வழக்கில், 90 நாளுக்குள் தீர்ப்பும் வந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. சேர மனமில்லாத நாடுகளுக்கு இந்தோனேசியாவும் வியட்நாமும் 2019-ல் செய்துகொண்ட ஏற்பாடு இருக்கிறது: குழுவில் மூவர் இல்லையென்றால் இருவருமே மேல்முறையீடு செய்வதில்லை என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டார்கள். அதற்கு வேறெந்த நாட்டின் சம்மதமும் தேவைப்படவில்லை.