உப்புக்குள்ளே ஒரு பியூரின் பட்டறை

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி, ஆரம்பிக்கிறேன்.

சாக்கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 340 கிராம் உப்பு. சாதாரணக் கடலில் 35தான். அங்கே உயிரே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1936இல் பெஞ்சமின் வோல்கானி நுண்ணுயிர்கள் இருப்பதைக் காட்டினார். அவர் பெயரைத் தாங்கிய ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி என்ற நுண்ணுயிர்தான் இன்றைக்கு நம் ஆள். அது உப்பைத் தாங்கும் விதத்தை முதலில் பார்ப்போம், பிறகு பியூரின் செய்யும் விதத்தை.

வெளியே சோடியம் நெருக்குகிறது என்று உள்ளே பொட்டாசியத்தை அள்ளிக் குவித்துவைத்திருக்கும். நம் நொதிகளில் பெரும்பாலானவை அதற்குள் போனால் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துபோகும். இதன் நொதிகளோ மேல்பரப்பெல்லாம் அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் என்ற அமினோ அமிலங்களை அடுக்கி, அந்த எதிர்மின் சுமையாலேயே தண்ணீரைப் பிடித்து நிறுத்துகின்றன. உப்பை எடுத்துவிட்டால்? சுமைகள் ஒன்றையொன்று தள்ளி, மடிப்பே பிரிந்துவிடும். மாணவனாக இருந்தபோது, பாடப்புத்தகத்தில் சொன்னபடியே இதன் நொதி ஒன்றை, உப்பை மட்டும் வெளியே விட்டு நொதியை உள்ளேயே நிறுத்தும் டயாலிசிஸ் பையில் கட்டி உப்பு குறைந்த கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் நொதி பையிலேயே இருந்தது, வேலைதான் செய்யவில்லை. மூன்று வார உழைப்பு!

அப்புறம், பியூரின். டிஎன்ஏவில் வரும் அடினினும் குவானினும் இந்த வகைதான். அந்த இரட்டை வளையத்தைச் செல் ஒரேயடியாகச் செய்வதில்லை, ரைபோஸ் சர்க்கரையின் மேலேயே கிளைசின், குளுட்டமின், அஸ்பார்ட்டேட், கரியமில வாயு என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போகிறது, நம் உடம்பிலும் கிட்டத்தட்ட இதே செய்முறைதான், உப்புக்கேற்ற சட்டைதான் இங்கே கூடுதல். வளையத்துக்கு வேண்டிய கார்பன்களில் இரண்டுக்கு ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினின் தயவு வேண்டும். ஃபோலேட்டைத் தயாராக வைத்திருப்பது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி.

அதற்கான ஹெச்டிஆர்பி மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். டிஎன்ஏவின் இன்னொரு துண்டான தைமிடின், ஹைப்போசாந்தின், இன்னும் சில சத்துகளை ஊட்டினால்தான் அந்த நுண்ணுயிர் வளர்ந்தது. ஹைப்போசாந்தின் என்பது ரெடிமேட் பியூரின் வளையம், சர்க்கரையை மாட்டினால் போதும்.

இந்தக் குறையையே ஆய்வகங்கள் வசதியாக்கிக்கொண்டன. ஹெச்டிஆர்பி இல்லாத நுண்ணுயிருக்குள், செலுத்த வேண்டிய மரபணுவோடு ஹெச்டிஆர்பியையும் சேர்த்து அனுப்பி, தைமிடினும் ஹைப்போசாந்தினும் இல்லாத வளர்ப்புத் தட்டில் எது வளர்கிறதோ அதைப் பொறுக்கி எடுக்கிறார்கள். 45 டிகிரியில் நாள்கணக்கில் வைக்கவேண்டும் என்பதால், தட்டு காய்ந்து உப்புப் பூத்துவிடாமல் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் வைப்பார்கள்.