எலுமிச்சையும் கிரீமும் திரியாமல் ஒரு டெசர்ட் காக்டெய்ல்

(திரையில்: கண்ணாடிக் கிண்ணத்தில் பால். மேலே எலுமிச்சைச் சாறு விழுகிறது. பால் கட்டி கட்டியாகிறது.)

பால் திரிந்தால் பன்னீர். சந்தோஷம்தான். ஆனால் காக்டெய்ல் கிளாஸில் பன்னீரை யாரும் கேட்பதில்லை.

பாலில் கேசின் என்று ஒரு புரதம் உண்டு. புளிப்பு ஏறி, பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-ஐ நெருங்கினால் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-லிருந்து 3-க்குள். அப்படியென்றால் கிரீமில் எலுமிச்சை மணக்க வழி? தோல்தான். மணமெல்லாம் தோலின் எண்ணெயில் இருக்கிறது, அதில் புளிப்பு கிடையாது. இத்தாலியர்கள் லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மது செய்வதும் தோலை ஊறவைத்துத்தான். அந்தப் பாட்டிலைத் தேடிக் குன்னூர் கடைவீதியில் அலைய வேண்டாம், வீட்டிலேயே ஒரு சுருக்குவழி இருக்கிறது.

(திரையில்: துருவியில் எலுமிச்சை, மிக அருகில்.)

இரண்டு கிளாஸுக்கு இரண்டு பழம். நம்மூர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, அழுத்தாமல் துருவுங்கள். வெள்ளைப் பகுதி தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். துருவலை இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையில் போட்டு விரலால் நன்றாகக் கசக்குங்கள். சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகும், லேசாக நிறம் ஏறும், மணம் பக்கத்து அறைக்குப் போகும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, 60 மில்லி ஓட்காவில் கரைத்து வடிகட்டுங்கள்.

மது வேண்டாமா? அதே 60 மில்லிக்கு ஆறிய நீலகிரித் தேயிலை டிகாக்ஷன். எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும். ஓட்கா ஊற்றுபவர்களுக்கு: தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், குடித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுப் பக்கமே போகக்கூடாது.

கொஞ்சமாவது புளிப்பு இருந்தால்தானே எலுமிச்சை? சரி, ஒரு தேக்கரண்டி சாறு. அதையும் கிரீமில் நேராக விடாமல், இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கில் கலக்குங்கள். தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம் என்பதால் அது திரியாமல் மழமழவென்று கெட்டிப்படும். ஃப்ளோரிடாவின் கீ லைம் பை என்ற எலுமிச்சை இனிப்பு நிற்பதும் இதே வித்தையில்தான்.

(திரையில்: மூடி இறுகிய கண்ணாடி ஜாடி.)

ஷேக்கர் இல்லையென்றால் ஜாடி போதும். ஊறுகாய் ஜாடி என்றால் மூடியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுங்கள். ஐஸ், ஓட்கா, கண்டென்ஸ்டு மில்க் கலவை, கடைசியாகக் குளிர்ந்த ஃப்ரெஷ் கிரீம் 60 மில்லி. பதினைந்து நொடி குலுக்கி வடிகட்டுங்கள். குளிரில் கொழுப்பு இறுகி நிற்கும், நுரையும் நிற்கும். ஊட்டியில் டிசம்பர் மாதம் என்றால் கிரீமை ஜன்னலோரம் வைத்தாலே போதும். மேட்டுப்பாளையத்தில் இருப்பவர்கள் கிளாஸையும் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

மேலே தூவ, நொறுக்கிய ஊட்டி வர்க்கி. பரிமாறும் நேரத்தில் மட்டும் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும்.

மீந்த காக்டெய்லை நாளைக்கு வைக்க வேண்டாம், பிரிந்துவிடும். தோல் கசக்கிய சர்க்கரையைக் கூடுதலாகச் செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், பிளாக் டீயில் போட்டுக் குடிக்க அருமையாக இருக்கும்.