டயாலிசிஸ் நோயாளியின் இரவு

நேயர்களுக்கு வணக்கம். காவிரிப் படுகைக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துத் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் டயாலிசிஸ், அதாவது சிறுநீரகம் செயலிழந்ததால் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை, செய்துகொள்ள வருகிறவர்களோடு பல ஆண்டுகள் இருந்த செவிலியர் நான். அவர்களுடைய தூக்கத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என்று சிகிச்சையைக் கணக்கிடும் நாங்கள், வீட்டில் அவர்கள் கழிக்கும் இரவுகளைப் பல நேரம் விசாரிப்பதே இல்லை.

நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், இயந்திரத்தில் இணைத்த சிறிது நேரத்திலேயே அயர்ந்து தூங்கிவிடுவார். நிம்மதியாக இருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். ஒருநாள் அவர் மனைவிதான் என்னிடம் சொன்னார்: "படுத்த உடனே கால் குடையுதுங்கிறாரும்மா. எறும்பு ஊருற மாதிரி இருக்காம். விடியற வரைக்கும் திண்ணைக்கும் வாசலுக்கும் நடக்குறாரு, செம்புத் தண்ணிய எடுத்துக் கால்ல ஊத்திக்கிறாரு." முன்பே கேட்காமல் விட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஓய்ந்து படுத்தால் வருவதும், எழுந்து நடந்தால் அடங்குவதும், இரவில் கூடுவதும் இந்தக் கால் குடைச்சலின் அடையாளங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்து அதைச் சரிசெய்ய வழி உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உடல் அரிப்புக்காக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும், தூக்கக் கலக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள் சில இந்தக் குடைச்சலை அதிகப்படுத்தக்கூடும். அந்த விவசாயியும் அப்படி ஒரு மாத்திரையைத்தான் தூக்கம் வரும் என்று நம்பி இரவுதோறும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தது குறட்டை. இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையில் உடலில் தேங்கும் நீர் பகலில் காலில் இறங்கி நிற்கும். படுத்ததும் அதில் ஒரு பகுதி மேலேறிக் கழுத்துத் திசுக்களில் சேர்ந்து மூச்சுப்பாதையை நெருக்கும். அதனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், ஆனால் நோயாளிக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோவில் 14 நோயாளிகளிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், இரவு முழுவதும் மெதுவாக டயாலிசிஸ் செய்தபோது, மணிக்குச் சராசரியாக 25 முறை இருந்த இந்த மூச்சுத்தடை 8 ஆகக் குறைந்தது. அந்த வசதி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் ஊறுகாயையும் மோர்மிளகாயையும் விட்டால் தாகம் குறையும். நீராகாரத்தையும் மோரையும் அளந்து குடித்தால் தேங்கும் நீரும் குறையும். மூச்சுத்தடை இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து.

இயந்திரத்தில் 4 மணி நேரமும் தூங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தும் மாலைவரை படுத்திருந்தால், இரவுத் தூக்கம் தள்ளிப்போகத்தான் செய்யும்.

ஆகவே அடுத்த முறை டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்கும்போதே செவிலியரிடம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எதனால் விழித்தீர்கள், கால் குடைந்ததா, அரித்ததா, மூச்சு முட்டியதா, என்னென்ன மாத்திரை போட்டீர்கள் என்று. கூட வருகிறவர்களும் சொல்லலாம். அந்த விவசாயிக்கு மாத்திரையை மாற்றி, இரும்புச்சத்து ஊசி போட முடிந்தது அவர் மனைவி வாய்திறந்து சொன்னதால்தான்.