கான்ல தண்ணி எவ்வளவு நிக்கணும்: சூடேறுன பூமியத் திருப்ப முடியுமா?

வணக்கம். மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கம் செம்பனைக் காட்டுக்குள்ள, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல, நின்னு பேசுறேன். பின்னால தெரியுறது கம்புட் நிலத்துல, அதாவது முழுசா மக்காத செடிகொடி சேர்ந்து உண்டான மண்ணுல, தண்ணி வடிய வெட்டுன கான், வாய்க்கால். இன்னிக்கு ரெண்டு கேள்வி. பூமி சூடாகுறதுக்கு மனுஷன்தான் காரணமா? ஆனது திரும்புமா?

முதல் கேள்விக்குப் பதில், ஆமா. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னாடி காத்துல, சூட்டப் பிடிச்சு வைக்கிற கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 280 பங்கு, இப்ப 420க்கு மேல. நிலக்கரி, எண்ணெயெல்லாம் பழைய செடிகொடிகள்ல இருந்து வந்தது, அதுல கார்பன்-13ங்குற கொஞ்சம் கனமான வகை கார்பன் கம்மி. காத்துலயும் கார்பன்-13 பங்கு குறைஞ்சுகிட்டே வருது. கூடவே ஆக்சிஜனும் துளித்துளியா குறையுது, ஏதோ எரிஞ்சாத்தான் அப்படிக் குறையும். சூரியன்தான் காரணம்னு சொல்றவங்க இருக்காங்க. அப்படின்னா வளிமண்டலத்தோட மேல் அடுக்கும் சூடாகணும். ஆனா அது குளிர்ந்துகிட்டு இருக்கு.

திரும்புமாங்குறது வாயுவப் பொறுத்தது. சூட்டப் பிடிச்சு வைக்கிற இன்னொரு வாயு மீத்தேன். அது சுமார் 12 வருஷத்துல கரைஞ்சுடும், அத நிறுத்துனா நம்ம ஆயுசுலயே பலன் தெரியும். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்ல. விடுறத முழுசா நிறுத்துனா சூடு ஏறுறது ஏறக்குறைய நின்னுடும், ஆனா பல நூறு வருஷத்துக்கு இறங்காது. கடல் மட்டம் அப்புறமும் ஏறும்.

மீத்தேன்னா நம்ம ஊர்ல மில்லு குளம், அதாவது செம்பனை எண்ணெய் ஆலையோட கழிவுநீர்க் குளம். ஒரு டன் பழக்குலை அரைச்சா அரை கன மீட்டருக்கு மேல கழிவுநீர் வரும். ஒவ்வொரு கன மீட்டர் கழிவுநீரும் சுமார் 28 கன மீட்டர் வாயு விடும், அதுல பாதிக்கு மேல மீத்தேன். குளத்த மூடி வாயுவப் பிடிச்சு எரிச்சா மின்சாரம் கிடைக்கும். வாயுவுல கலந்திருக்குற ஹைட்ரஜன் சல்பைட முதல்ல கழுவி எடுக்கணும், இல்லன்னா எஞ்சின அரிச்சுடும்.

இப்ப கம்புட் நிலத்துக்கு வருவோம். தோட்டத்துக்காரங்க கையில நேரா இருக்குறது இதுதான். ஈரமா கிடக்குறவரை இந்த மண்ணு கார்பன அடைச்சு வச்சிருக்கும். கான் வெட்டித் தண்ணிய வடிச்சா காத்து உள்ள போய் மக்க ஆரம்பிக்கும். தண்ணி மட்டம் 10 செ.மீ. கூடுதலா இறங்கினா, ஹெக்டேருக்கு வருஷத்துல சுமார் 9 டன் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாப் போகும். நிலமும் வருஷத்துக்கு ஒரு 5 செ.மீ. அமுங்கும். மரம் சாயுறதும் வேர் வெளிய தெரியுறதும் அதனாலதான்.

காட்டுக்குள்ள நிலத்தடி நீர் 40ல இருந்து 60 செ.மீ. ஆழத்துல நிக்கணும். அதுக்கு மேல ஏறினா வேர் மூச்சு விடாது, உரமும் வீணாகும். ரொம்ப இறங்கி மண்ணு ஒரு தடவ முழுசா காஞ்சுட்டா, அப்புறம் எவ்வளவு மழை பெய்ஞ்சாலும் பழையபடி தண்ணிய உறிஞ்சாது. தீ பிடிச்சா மண்ணுக்கு அடியிலேயே புகையும்.

அளக்க 2 அங்குல பிவிசி குழாய் போதும். பக்கத்துல ஓட்டை போட்டு, ரெண்டு கானுக்கு நடுவுல இறக்குங்க. கான் ஓரத்துல வச்சா உண்மையான மட்டம் தெரியாது. தரைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குற குழாய் நீளத்தக் கழிச்சுக்கணும். நிலம் அமுங்க அமுங்க அந்த நீளம் மாறும், அதனால ஒவ்வொரு தடவையும் திரும்ப அளங்க.

தண்ணிய நிறுத்த, கான்ல மண்மூட்டையும் பலகையும் வச்சு அடைக்கணும். இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஒரே இடத்துல உயரமா கட்டிடுறாங்க. ரெண்டு பக்கமும் மட்ட வித்தியாசம் அதிகமாகி, மண்ணு இளகினதுங்குறதால தண்ணி ஓரத்துல பிச்சுக்கிட்டுப் போயிடும். 20 செ.மீ. இறக்கத்துக்கு ஒண்ணுன்னு படிப்படியா வைங்க. கனமழைக்குத் தண்ணி வழிய நடுவுல தாழ்வா ஒரு வாய் விடுங்க.

இதெல்லாம் செஞ்சா நிலம் அமுங்குறது மெதுவாகும். அமுங்கினது மேல எழும்பாது. நிலம் ஆத்து மட்டத்துக்குக் கீழ போயிட்டா, வத்தம் வந்தாலும், அதாவது கடல் தண்ணி உள்வாங்குற நேரத்துலயும், மதகு வழியா தண்ணி வடியாது, பம்புதான். அதனால மறுநடவுக்குக் குறைஞ்சது 5 வருஷம் முன்னாடியே இன்னும் எத்தன வருஷம் தானா வடியும்னு கணக்குப் போடுங்க. அடுத்து நடுற மரங்களோட காலம் முடியுறதுக்குள்ள வடியாமப் போகும்னா, அந்த பிளாக்ல செம்பனை வேண்டாம். கான அடைச்சு, ஈரத்துல வளர்ற மரங்களுக்கு விட்டுடுங்க.