சன்னி சைடு: காற்று கேட்கும் வீடு, காற்று ஆகாத சீருடை

வணக்கம் நேயர்களே.

குடகு மாவட்டத் தலைநகர் மடிக்கேரியில் ‘சன்னி சைடு’ என்றொரு வீடு. 1957 முதல் 1961 வரை நம் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் திம்மையா 1906இல் பிறந்த வீடு. இடையில் பல காலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அங்கே இயங்கியது. பிறகு புதுப்பித்து அருங்காட்சியகமாக்கினார்கள். 2021 பிப்ரவரி 6ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார்.

வெயில் பெயரில்தான். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை மடிக்கேரியில் துணி காயாது. இப்படிப்பட்ட ஊரில் பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கினால் ஒரு பிணக்கு வரும். சுவருக்குக் காற்று வேண்டும். உள்ளே வைக்கும் சீருடைக்கு அந்த ஈரக்காற்றே எமன்.

முதலில் சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும்; உப்பு பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். ஆகவே சிமென்ட்டை முழுக்கச் சுரண்டி, இணைப்புகளை ஓர் அங்குல ஆழம் தோண்டி, சுவரை உலரவிட வேண்டும். பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. வேலையை டிசம்பரில் தொடங்குவது நல்லது. அடைமழையில் பூசிய சுண்ணாம்பு இறுகாது. ஒப்பந்தக் கெடு மார்ச்சில் முடிகிறதே என்று ஈரச்சுவரிலேயே பூசுவதுதான் வழக்கமான தவறு.

கூரை ஓட்டில் பாசி படர்ந்தால் நார் பிரஷ் போதும். மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் ஓட்டின் சுட்ட மேல்தோல் போய்விடும். அப்புறம் ஓடு தண்ணீர் குடிக்கும்.

இனி சீருடை. அறை முழுவதையும் உலர்த்த ஏசி போட்டு, மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுப் போவார்கள். இரவில் ஈரப்பதம் ஏறும், காலையில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான ஈரத்தைவிடக் கெடுதல். அறையை விட்டுவிட்டு, காட்சிப் பெட்டியை மட்டும் காற்றுப் புகாமல் மூடுவதே சிக்கனம். ஒரு கன மீட்டர் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 20 கிலோ என்பது பழைய கணக்கு. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு), அதற்குமேல் வேண்டாம். பதக்க ரிப்பன்தான் முதலில் வெளுக்கும்.

கம்பளிச் சீருடையில் அசல் வெள்ளிப் பதக்கத்தைக் குத்தாதீர்கள். கம்பளியிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மார்பில் நகல், அசல் தனிப் பெட்டியில். பெட்டியைப் புது ஒட்டுப்பலகையில் செய்தால் அதன் ஆவியே உலோகத்தை அரிக்கும். அந்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டியதில்லை: உடையை பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைத்தால் போதும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துத்தான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் வியர்த்துப்போய்ப் பூஞ்சை பிடிக்கும்.

வளாகத்தில் ஒரு டாங்கியும் மிக்-21 போர் விமானமும் நிற்கின்றன. மழையில் நிற்கும் விமானத்துக்கு எடை டயரில் இறங்கக் கூடாது, தாங்கிகளில் நிற்க வேண்டும். காற்று உள்வாங்கும் வாயில் வலை அடிக்காவிட்டால் குருவி கூடு கட்டும். டாங்கியின் அடிவயிற்று வடிகால் துளைகளைப் பருவமழைக்கு முன் குத்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே குளம்தான்.

டாங்கியைப் பார்க்கிறவர்கள் காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாயில் நடந்த போரை நினைப்பார்கள். 1948 நவம்பர் 1 அன்று, சுமார் 11,500 அடி உயரமுள்ள அந்தக் கணவாயில் திம்மையா ஏற்றியவை ஸ்டூவர்ட் என்னும் இலகு டாங்கிகள். ரகசியம் காக்க அவற்றின் சுழல்மேடைகளை (பீரங்கி பொருத்திய மேல்பகுதி) கழற்றித் தனியே கொண்டுபோனார்கள். கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையிலான மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையினர். வளாகத்தில் நிற்பது ஸ்டூவர்ட் அல்ல, பிற்கால ரகம். அதை விளக்கப் பலகையில் ஒரு வரி எழுதிவிட்டால், அந்தச் சாப்பர்களின் வேலைக்கும் பக்கத்திலேயே இடம் கிடைக்கும்.